ஜாக்கி புல்லிக்கு ஸ்பிரிங் எதற்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில், வீட்டிலேயே மின்சார ஸ்கேட்போர்டு செய்வது பற்றி ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். எங்கள் வீட்டில் அதை மூன்று பேர் படித்தோம்: நான், என் பேரன், எதிர் வீட்டு லேத் பட்டறைக்காரர். மூன்று பேரும் ஒரே படத்தில்தான் விரலை வைத்தோம். மோட்டாரிலிருந்து பின் சக்கரத்துக்குப் போகிற பல் பெல்ட்டின் உள்பக்கம் ஒரு சின்ன உருளை, அதை வெளியே தள்ளும் ஒரு ஸ்பிரிங். பெல்ட் தொய்ந்தால் ஸ்பிரிங்கே பார்த்துக்கொள்ளும், அதன் பிறகு கவலையே இல்லை என்று பக்கத்தில் விளக்கம் வேறு.

அந்தப் படத்தைப் பார்த்துச் செய்கிற பையன் ஒருநாள் இறக்கத்தில் பிரேக் பிடிப்பான், அன்றைக்குக் கீழே விழுவான். ஜோசியம் சொல்லவில்லை. ஏறக்குறைய அதே மாதிரி ஒன்றை நானே என் கையால் செய்துகொடுத்தேன். கல்லிடைக்குறிச்சியில் கன்னடியன் கால்வாய்ப் பாலத்து இறக்கத்தில் என் பேரன் விழுந்தான்.

நான் நூற்பாலையில் 34 வருஷம் ரிங் பிரேம் பகுதியில் ஃபிட்டராக இருந்தவன். தாமிரபரணித் தண்ணீரை நம்பி மில் வந்த பக்கம் எங்கள் பக்கம். அம்பாசமுத்திரம், விக்கிரமசிங்கபுரம் வட்டாரத்தில் தெருவுக்கு நாலு பேராவது பஞ்சுத் தூசியை விழுங்கியவர்கள் இருப்பார்கள். ரிங் பிரேம் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். நூலை முறுக்கிப் பாபினில் சுற்றுகிற இயந்திரம் அது. பாபினைச் சொருகுகிற சுழல் தண்டுக்குப் பெயர் கதிர். அதில் ஒரு நாடா நான்கு கதிர்களைச் சுற்றும், இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு. அந்த நாடா தொய்யாமல் பிடித்திருக்க ஒரு சிறு சக்கரம் உண்டு. அதற்குப் பெயர் ஜாக்கி புல்லி. கதிர் நிமிஷத்துக்கு 16,000, 18,000 சுற்று ஓடும். ஜாக்கி கொஞ்சம் மக்கர் செய்தால் நாடா வழுக்கும், நாலு கதிரும் வேகம் குறையும், நூலில் முறுக்கு ஏறாது, நாலு பாபினும் கழிவுக்குப் போகும். எந்த ஜாக்கியில் பேரிங் உலர்ந்திருக்கிறது என்று நடைபாதையில் நின்று காதால் கேட்டே சொல்லிவிடுவேன். பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைத்தால், ஆமாம், பெருமைக்குத்தான். அந்தப் பெருமைதான் பேரனைப் பாலத்தில் தள்ளிவிட்டது.

பேரன் பாளையங்கோட்டையில் தங்கி மெக்கானிக்கல் மூன்றாம் வருஷம் படிக்கிறான். பொங்கல் லீவுக்கு வரும்போது துணிமணிக்குப் பதிலாக ஒரு பலகையும், நாலு சக்கரமும், அட்டைப்பெட்டியில் ஒரு மோட்டாரும் கொண்டுவந்தான். மோட்டார் 63 மில்லி விட்டம், நம் உள்ளங்கைக்குள் அடங்கும். வெளி உறை சுற்றும், உள்ளே இருக்கிற கம்பிச் சுருள் அசையாது. ஒரு வோல்ட்டுக்கு நிமிஷத்துக்கு 190 சுற்று என்பது அதன் கணக்கு. ஆறு லித்தியம் செல்லை வரிசையாகக் கோத்து முழுசாகச் சார்ஜ் ஏற்றினால் 25.2 வோல்ட். பெருக்கிப் பாருங்கள், 4,800 சுற்றுக்குக் கொஞ்சம்தான் குறைவு. மோட்டார் தண்டில் 15 பல் புல்லி, சக்கரத்தில் 36 பல் புல்லி. சக்கரம் 90 மில்லி. கணக்குப்படி மணிக்கு ஏறக்குறைய 34 கிலோமீட்டர் வருகிறது. ஆள் ஏறி நின்றால் அவ்வளவு வராது, ஆனாலும் ஒரு தாத்தாவுக்கு வயிற்றைக் கலக்கப் போதும்.

பெல்ட் 5 மில்லிக்கு ஒரு பல் வைத்தது, 12 மில்லி அகலம், 265 மில்லி சுற்றளவு. எண்ணிப் பார்த்தால் 53 பல்.

முதல் நாளே புகார் வந்தது. "தாத்தா, பெல்ட்டு பல் தவ்வுது." போய்ப் பார்த்தேன். மோட்டாரைத் தாங்குகிற அலுமினியத் தட்டில் நீளத் துளை போட்டிருக்கிறார்கள், மோட்டாரைப் பின்னால் இழுத்து இறுக்கிக்கொள்வதற்காக. துளை 2 மில்லி குறைச்சலாக நின்றுவிட்டது. அரம் வைத்து நீட்டலாம் என்றால் ஓரத்தில் உலோகம் மிச்சமில்லை. மோட்டார் 2 மில்லி முன்னால் நின்றால் பெல்ட்டில் 4 மில்லி தொய்வு. அது போதும், பல் தவ்வுவதற்கு.

புது தட்டு செய்ய வேண்டாம், ஒரு ஜாக்கி போட்டால் முடிந்தது என்றேன். 34 வருஷம் செய்த வேலை இல்லையா? ஒரு தகட்டுக் கை, அதன் நுனியில் 608 பேரிங் இரண்டு, மறுமுனையில் ஒரு இழு ஸ்பிரிங். பத்திரிகைப் படத்தில் இருப்பதுபோல உள்பக்கம் வைக்கிற தப்பை நான் செய்யவில்லை. பெல்ட்டின் முதுகில், வெளியிலிருந்து உள்ளே அழுத்துகிற மாதிரி வைத்தேன். தொய்ந்த பக்கம் எது என்று பார்த்து அந்தப் பக்கத்தில்தான் வைத்தேன். மோட்டார் பெல்ட்டை எந்தப் பக்கத்திலிருந்து தன்னிடம் இழுத்துக்கொள்கிறதோ அது இறுகிய பக்கம். எந்தப் பக்கம் வெளியே விடுகிறதோ அது தொய்ந்த பக்கம். ஜாக்கி எப்போதும் தொய்ந்த பக்கம்தான், இது மில்லில் முதல் மாதமே சொல்லிக்கொடுக்கிற பாடம். ஸ்பிரிங்கை வீட்டுத் தராசில் மாட்டி இழுத்துப் பார்த்தேன், 3 கிலோ காட்டியது. ஜாக்கிக்கு அது தாராளம் என்று நினைத்தேன்.

தெருவில் ஓட்டிப் பார்த்தான். சத்தமே இல்லை. சமதளத்தில் ஓடினான், பாலத்து மேட்டில் ஏறினான், ஒரு பல் தவ்வவில்லை. நான் திண்ணையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே பார்த்தேன். மேட்டின் உச்சியில் திரும்பி எனக்குக் கையசைத்தான். பிறகு அந்தப் பக்கம் இறங்கினான். நாலு நொடியில் 'டர்ர்ர்' என்று ஒரு சத்தம், சோளக் கொட்டையை உரலில் போட்டு ஆட்டியது மாதிரி. அதன் பிறகு சத்தம் இல்லை.

ஹெல்மெட் போட்டிருந்தான், தலைக்கு ஒன்றுமில்லை. முழங்கையில் இரண்டு தையல், உள்ளங்கை இரண்டிலும் தோல் போனது. என் மகள் என்னிடம் மூன்று நாள் பேசவில்லை. நான்காவது நாள், "அப்பா, உங்களுக்கு இந்த வயசில் இது தேவையா?" என்று ஒரே கேள்வி கேட்டாள். நியாயமான கேள்விதான், பதில் சொல்லவில்லை.

பெல்ட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தேன். பல் எதுவும் அறுபடவில்லை, நுனிகள் மட்டும் தேய்ந்து பளபளத்தன. ஸ்பிரிங்கும் அறுபடவில்லை. எல்லாம் சரியாக இருந்தது. அதுதான் என்னைப் படுத்தியது. உடைந்த பாகம் ஒன்று கையில் கிடைத்தால் ஃபிட்டருக்கு நிம்மதி. ஒன்றும் உடையாமல் ஒரு இயந்திரம் தப்பு செய்தால், தப்பு செய்தவன் ஃபிட்டர்தான் என்று அர்த்தம்.

இரண்டு நாள் கழித்து விளங்கியது. விளங்கவைத்தது மாட்டு வண்டி. என் அப்பா காலத்தில் எங்களிடம் வண்டி இருந்தது. மேட்டில் ஏறும்போது மாடு வண்டியை இழுக்கும், நுகத்தடி திமிலை அழுத்தும், பூட்டாங்கயிறு கழுத்தில் தொளதொளவென்று கிடக்கும். இறக்கம் வந்தால் தலைகீழ். வண்டி மாட்டைத் தள்ளும், நுகத்தடி முன்னால் நழுவும், பூட்டாங்கயிறு இறுகும். ஓடுகிற திசை மாறவே இல்லை, சக்கரம் அதே பக்கம்தான் சுற்றுகிறது. ஆனால் யார் யாரை இழுக்கிறார் என்பது மாறிவிட்டது.

மின்சார ஸ்கேட்போர்டில் பிரேக் கட்டை என்று தனியாகக் கிடையாது. கையில் இருக்கிற ரிமோட்டை எதிர்ப்பக்கம் தள்ளினால் அதே மோட்டார் டைனமோவாக மாறி, சக்கரத்தைப் பிடித்து நிறுத்துகிறது. வருகிற மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பிப் போகிறது. அந்த நேரத்தில் மோட்டார் பெல்ட்டை இழுக்கவில்லை, சக்கரம்தான் பெல்ட்டைப் பிடித்து மோட்டாரை இழுக்கிறது. அதாவது அதுவரை தொய்ந்திருந்த பக்கம் இறுகுகிறது, இறுகியிருந்த பக்கம் தொய்கிறது. என் ஜாக்கி உட்கார்ந்திருந்தது எந்தப் பக்கம்? இப்போது இறுகுகிற பக்கம். அந்த இறுக்கத்துக்கு முன்னால் 3 கிலோ ஸ்பிரிங் என்ன செய்யும்? வளைந்துகொடுத்துவிட்டது. ஜாக்கி பின்வாங்கியதும் அது அடைத்து வைத்திருந்த 4 மில்லி தொய்வும் மறுபக்கம் போய்ச் சேர்ந்தது. அந்தத் தொய்ந்த பக்கம்தான் இப்போது மோட்டார் புல்லிக்குள் நுழைகிற பக்கம். பல் பள்ளத்தில் உட்காராமல் மேட்டின் மேல் ஏறியது. டர்ர்ர்.

பேரன் கணக்குப் போட்டுக் காட்டினான். 190 என்கிற அந்த மோட்டாரில் 40 ஆம்பியர் போனால் தண்டில் 2 நியூட்டன் மீட்டர் திருகு விசை வரும். 15 பல் புல்லியின் விட்டம் 24 மில்லிக்கு ஒரு மயிரிழை குறைவு. அந்தச் சின்ன புல்லியில் 2 நியூட்டன் மீட்டர் என்றால் பெல்ட்டை 17 கிலோ எடை இழுக்கிற மாதிரி. பெல்ட் என் ஜாக்கியின் மேல் வளைந்து போகிற கோணத்தை வைத்துப் பார்த்தால், ஜாக்கியை வெளியே தள்ளுகிற அழுத்தம் சுமார் 12 கிலோ. நான் வைத்திருந்தது 3. "அப்படின்னா 15 கிலோ ஸ்பிரிங் போட்டுருவோமா தாத்தா?" என்று கேட்டான். ஏல, அது ஓடுகிற நேரமெல்லாம் மோட்டார் தண்டை வளைத்துக்கொண்டே இருக்கும். தண்டு 8 மில்லி, உள்ளே பேரிங் அதைவிடப் பாவம். பேட்டரி சக்தியில் பாதி பெல்ட்டை நசுக்கவே போகும். பாதி என்பது என் வாய்க்கணக்கு, அளந்தது இல்லை.

எனக்கு வெட்கமாக இருந்தது எதனால் என்றால், இது மில்லில் நான் அறிந்த விஷயம்தான். ஸ்பிரிங் ஜாக்கி வைத்த எந்த இயந்திரத்திலும் இழுக்கிற பக்கம் மாறினால் ஜாக்கியும் பக்கம் மாற வேண்டும். ரிங் பிரேம் ஒரே பக்கம் இழுத்துக்கொண்டே ஓடுகிற இயந்திரம். நிறுத்தும்போது கதிர் தன் போக்கில் ஓய்ந்து நிற்கும், யாரும் அதை நாடாவால் பிடித்து நிறுத்துவது கிடையாது. 34 வருஷமும் ஒரே பக்கம் ஓடிய புத்திக்கு, பிரேக் என்று ஒன்று இருப்பது உறைக்கவில்லை.

தீர்வு நான் கண்டுபிடித்தது இல்லை. அம்பாசமுத்திரத்தில் பழைய மாருதி வண்டிகளைப் பார்க்கிற மெக்கானிக் ஒருவரிடம் போனேன். கார் எஞ்சினிலும் பல் பெல்ட் உண்டு, அதற்கு டென்ஷன் புல்லியும் உண்டு, அதில் ஸ்பிரிங்கும் நான் பார்த்திருக்கிறேன். அங்கே மட்டும் எப்படி நிற்கிறது என்று கேட்டேன். அவர் சிரித்தார். "அண்ணாச்சி, அந்த ஸ்பிரிங் அளவு சொல்றதுக்குத்தான். பெல்ட்டை மாட்டி, எஞ்சினைக் கையால ரெண்டு சுத்து சுத்தினா ஸ்பிரிங் தன் அளவுக்கு இழுத்து வச்சிரும். அப்புறம் போல்ட்டை முறுக்கிப் பூட்டிருவோம். அதுக்கு மேல ஸ்பிரிங் இருந்தா என்ன, செத்தா என்ன."

அவ்வளவுதான். இதைக் கேட்கப் பஸ்ஸில் போய் வந்த செலவு சொற்பம். விழுவதற்கு முன்னால் போயிருக்கலாம்.

இப்போது நாங்கள் வைத்திருப்பதைச் சொல்கிறேன், செய்ய நினைக்கிறவர்களுக்கு உதவும். மோட்டார் தட்டிலேயே மோட்டாருக்கு அருகில் ஒரு சிறு நீளத் துளை போட்டு, அதில் 8 மில்லி போல்ட். போல்ட்டில் 608 பேரிங் இரண்டு. ஸ்கேட்போர்டின் சக்கரத்துக்குள் இருப்பதும் இதே பேரிங்தான், உள் துளை 8, வெளி விட்டம் 22, அகலம் 7. இரண்டைச் சேர்த்தால் 14 மில்லி, 12 மில்லி பெல்ட்டுக்குச் சரியாக இருக்கும். ரப்பர் மூடி வைத்த பேரிங்காக வாங்க வேண்டும். தகர மூடி வைத்தது எங்கள் ஊர்ப் புழுதிக்கு நிற்காது. வண்ணார்பேட்டையில் பேரிங் வாங்கப் போனபோது கடைக்காரர், "என்ன மெஷினுக்கு?" என்று கேட்டார். சொன்னேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் பில்லைப் போட்டார்.

வெறும் பேரிங்கின் மேல் பெல்ட்டை ஓடவிட்டால் ஓடும், ஆனால் எனக்குப் பிடிக்கவில்லை. பல் பெல்ட் உள்பக்கம் மடங்கப் பிறந்தது. முதுகுப் பக்கம் வளைத்தால் உள்ளே இருக்கிற நூல் வலியில் ஓடும், சீக்கிரம் விரிசல் விடும். வளைவு எவ்வளவு சின்னதோ அவ்வளவு கெடுதல். அதனால் எதிர் வீட்டுப் பட்டறையில் நைலான் ராடைக் கடைந்து ஒரு வளையம் செய்து பேரிங்கின் மேல் அழுத்தி ஏற்றினோம். வெளி விட்டம் 30 மில்லி, இரண்டு ஓரத்திலும் பெல்ட் நழுவாமல் ஒரு சின்ன வரப்பு. மேல்பரப்பு வழவழப்பாகத்தான் இருக்க வேண்டும், பெல்ட்டின் முதுகில் பல் கிடையாது. உள்பக்கம் வைக்கிற உருளைக்குத்தான் பல் வேண்டும். வழவழ உருளையை உள்ளே வைத்தால் அது பெல்ட் பல்லின் நுனியை ராவித் தின்னும்.

இரண்டு பேரிங்குக்கு நடுவிலும் வெளி ஓரங்களிலும் போடுகிற வாஷர் உள் வளையத்தை மட்டும் தொட வேண்டும். அகலமான வாஷரைப் போட்டு நட்டை முறுக்கினால் பேரிங் சுற்றாது, பெல்ட் அதன் மேல் வழுக்கிச் சூடேறும். பேரன் முதலில் அதைத்தான் செய்தான். நான் வாயைத் திறக்கவில்லை. என் ஸ்பிரிங்கை அவன் சொல்லிக்காட்டாமல் இருந்தானே.

இடம் முக்கியம். பத்திரிகைப் படத்தில் எனக்குப் பெரிய சண்டை அதில்தான், ஸ்பிரிங்கைவிட. 15 பல் புல்லியில் பெல்ட் எல்லாப் பல்லையும் கவ்வுவதில்லை. பக்கத்தில் 36 பல் புல்லி பெரிதாக இருப்பதால் பெல்ட் விரிந்து போகிறது. எங்கள் பலகையில் மோட்டார் புல்லியைப் பெல்ட் சுற்றியிருந்த கோணம் 150 டிகிரி, அதாவது ஆறே கால் பல். இந்த வகைப் பெல்ட்டுக்கு ஆறு பல்லாவது கவ்வியிருக்க வேண்டும் என்பது கணக்கு. ஆறுக்குக் கீழே ஒவ்வொரு பல் குறையும்போதும் பெல்ட் தாங்குகிற சுமையில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்ள வேண்டும். நாங்கள் வரப்பின் மேல் நடந்துகொண்டிருந்தோம்.

வெளியிலிருந்து, மோட்டாரை ஒட்டி ஜாக்கியை அழுத்தினால் பெல்ட் மோட்டார் புல்லியை இன்னும் கொஞ்சம் தழுவிக்கொள்ளும். எங்களுக்கு 178 டிகிரி வந்தது. ஏழே கால் பல்லுக்கு மேல். அதே ஜாக்கியை அதே இடத்தில் உள்பக்கம் வைத்து வெளியே தள்ளினால் பெல்ட் புல்லியை விட்டு விலகும். ஐந்து பல் மிஞ்சும். தொய்வு போய்விட்டதே என்று கைக்கு இறுக்கமாகத் தெரியும், ஆனால் பிடிப்பு குறைந்திருக்கும். உங்கள் படத்தில் இருப்பது இதுதான். தொய்வை எடுப்பது ஜாக்கியின் ஒரு வேலை. பல்லைக் கவ்வ வைப்பது இன்னொரு வேலை. இந்த மாதிரிச் சின்ன புல்லிக்கு இரண்டாவதுதான் பெரிய வேலை. அதைத்தான் கட்டுரை சொல்லாமல் விட்டுவிட்டது.

இறுக்குகிற முறை: ஜாக்கியைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, சக்கரத்தை இரண்டு சுற்று சுற்றிவிட்டு, போல்ட்டைப் பூட்டிவிடுகிறோம். ஜாக்கி இல்லாத பக்கத்தின் நடுவில் கட்டைவிரலால் அமுக்கினால் 2, 3 மில்லி உள்ளே போக வேண்டும். போகவே இல்லை என்றால் இறுக்கம் அதிகம், மோட்டாரிலிருந்து கொசு ரீங்கரிக்கிற மாதிரி சத்தம் வரும். நைலான் வைத்த பூட்டு நட்டுதான் போட வேண்டும், பலகையின் அதிர்வுக்குச் சாதாரண நட்டு தானாகக் கழன்றுவிடும். நட்டையும் தட்டையும் சேர்த்து வெள்ளை பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்துவிட்டேன். கோடு முறிந்திருந்தால் நட்டு நகர்ந்திருக்கிறது. கண்ணால் பார்த்தால் போதும், ஸ்பானர் வேண்டாம். இது மில் பழக்கம், ஸ்பிரிங் மாதிரி ஏமாற்றாத பழக்கம்.

பூட்டிய ஜாக்கிக்கு இழுப்பு எந்தப் பக்கம் வந்தாலும் ஒன்றுதான். பிரேக் பிடிக்கும்போது 12 கிலோ வந்து மோதினால் அதை வாங்குவது போல்ட், ஸ்பிரிங் இல்லை. அதனால்தான் ஒல்லிப் போல்ட் போடக் கூடாது. ஒரு பக்கம் மட்டும் பிடித்து நிற்கிற போல்ட் கொஞ்சம் வளைந்தாலும் ஜாக்கி சாயும், பெல்ட் ஓரத்துக்கு நகர்ந்து வரப்பை உரசும், கருப்புப் பொடி உதிரும். கருப்புப் பொடி கண்டால் மட்டம் பாருங்கள்.

வேகத்தைப் பற்றிச் சிலர் பயப்படுகிறார்கள், சின்ன உருளை அத்தனை வேகம் தாங்குமா என்று. மோட்டார் முழு வேகத்தில் ஓடினாலும் 30 மில்லி ஜாக்கி நிமிஷத்துக்கு 3,800 சுற்றுதான் சுற்றும். ரிங் பிரேம் கதிருக்கு அது தூக்கத்தில் புரள்கிற வேகம்.

சரி, ஜாக்கி எல்லோருக்கும் வேண்டுமா? வேண்டாம். கட்டுரையைப் படித்தால் ஜாக்கி இல்லாத பலகை பலகையே இல்லை என்பது போலத் தோன்றுகிறது. மோட்டாரைப் பின்னுக்கு இழுத்துப் பூட்டத் துளை ஒழுங்காக இருந்து, பெல்ட் 15 மில்லி அகலமும் இருந்தால், அப்படியே இறுக்கி ஓட்டலாம். கடையில் விற்கிற பெல்ட் பலகைகளில் பலவும் அப்படித்தான் வருகின்றன. மோட்டார் புல்லியை 15 பல்லிலிருந்து 18 ஆக்கினாலும் பிடிப்பு கூடும், ஆனால் மேட்டில் இழுவை குறையும். ஜாக்கி என்பது இன்னொரு பேரிங், இன்னொரு நட்டு, இன்னொரு சத்தம். இடம் இல்லாதபோது, புல்லி சின்னதாக இருக்கும்போது, அல்லது எங்களைப் போலத் துளையைத் தப்பாகப் போட்டுவிட்டபோது மட்டும் போடுங்கள். நான் துளையை முதலிலேயே அளந்திருந்தால் இந்தக் கடிதமே இல்லை. சக்கரத்துக்குள்ளேயே மோட்டார் வைத்த பலகைக்குப் பெல்ட்டும் கிடையாது, இந்தத் தலைவலியும் கிடையாது, அதற்கு வேறு தலைவலி உண்டு என்கிறான் பேரன்.

ரோட்டில் ஓட்டுவது பற்றிக் கட்டுரையில் ஒரு வரியும் இல்லை. எங்கள் ஊர் மெயின் ரோட்டில் பஸ்காரர்கள் சைக்கிளுக்கே வழிவிட யோசிப்பார்கள். பேரன் இப்போது விடிகாலையில் தெருவிலும், கால்வாய்க்கரையில் சிமென்ட் போட்ட துண்டிலும் மட்டும் ஓட்டுகிறான். ஹெல்மெட், கைக்கு உறை, முழங்கைக்குப் பட்டை. பட்டை என் மகள் வாங்கிக் கொடுத்தது.

பூட்டிய ஜாக்கியோடு அதே பாலத்தில் அவனை மறுபடி இறக்கினேன். இந்தத் தடவை நான் திண்ணையில் உட்காரவில்லை, இறக்கத்தின் அடியில் போய் நின்றேன். முதலில் நடந்து வருகிற வேகத்தில் பிரேக் பிடிக்கச் சொன்னேன், அப்புறம் கொஞ்சம் கூட்டி, அப்புறம் இன்னும் கொஞ்சம். பதினோரு தடவை. பல் தவ்வவில்லை. பன்னிரண்டாவது தடவை, "கால் வலிக்கு தாத்தா, போதும்" என்றான். பலகையைத் திருப்பிப் பார்த்தேன், வெள்ளைக் கோடு முறியவில்லை. பெல்ட்டின் முதுகைத் தொட்டேன், வெதுவெதுப்பாக இருந்தது, சுடவில்லை. அது மாசி மாதம். இப்போது ஆனித் தேரோட்டமும் முடிந்துவிட்டது, அதே பெல்ட்தான் ஓடுகிறது.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். அந்தப் படத்தைத் திருத்தி மறுபடி போடுங்கள். திருத்தம் என்று மூலையில் இரண்டு வரி போட்டால் பையன்கள் பார்க்க மாட்டார்கள், அவர்கள் படத்தைத்தான் வெட்டிச் சுவரில் ஒட்டுகிறார்கள். எங்கள் பக்கம் இன்ஜினியரிங் படிக்கிற பிள்ளைகள் நிறையப் பேர், புராஜெக்ட் என்று வந்தால் கையில் கிடைத்ததைப் பார்த்துச் செய்துவிடுவார்கள். அவர்கள் ஆசிரியர்களும் பத்திரிகையில் வந்தது என்றால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிடலாம்.

இத்துடன் ஒரு படம் வைத்திருக்கிறேன். ஒன்றுக்கு ஒன்று அளவில் பென்சிலால் வரைந்தது, மங்கலாக இருந்தால் உங்கள் ஓவியர் மேலே மை ஓட்டிக்கொள்ளட்டும். ஜாக்கி பெல்ட்டுக்கு வெளியே, மோட்டாரை ஒட்டி, போல்ட்டோடு இருக்கிறது. இரண்டு அம்புக்குறி போட்டிருக்கிறேன். கருப்பு, ஓடும்போது இறுகுகிற பக்கம். சிவப்பு, பிரேக் பிடிக்கும்போது இறுகுகிற பக்கம். அச்சில் இரண்டையும் ஒரே நிறமாக்கிவிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரிங் பிரேம் ஃபிட்டர்,
கல்லிடைக்குறிச்சி.